விறகுத் திருடர்களின் மறுபிறப்பும் வாச்சர் நடராஜாவும்

ஆர்ட்வெல் தோட்டத்தில் விறகு மரத்திலிருந்து விழுவதில்லை, கம்பெனியிடமிருந்து விழுகிறது. ஆகவே அதைக் குனிந்து எடுக்கிறவர் எவராயினும் கம்பெனியின் மடியில் கை வைத்தவராகிறார். இந்த அரிய தத்துவத்துக்குத் தன் வாலிபம் முழுவதையும் காணிக்கையாகக் கொடுத்தவர் வாச்சர் நடராஜா. புளத்கொகுபிட்டிய பஜாரில் அவரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் தோட்டத்தின் கீழ்ப் பிரிவுத் தொழிலாளர் லயங்களில் அவர் பெயரைச் சொன்னால் அழுகிற பிள்ளை வாயை மூடும். அடுப்படியில் இருக்கிற தாய் விறகை மூடுவாள்.

அவருடைய தொழில் முறை ஆரவாரமற்றது. திருடரைத் துரத்துவது அவருக்குப் பிடிக்காது, முழங்காலும் ஒத்துழைக்காது. வாகைத் தோப்பிலிருந்து லயத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில், மதகுக்குப் பக்கத்தில், ஒரு கருங்கல் உண்டு. அதன் பின்னால் உட்கார்ந்திருப்பார். தலையில் கட்டோடு ஒரு பெண் வந்து சேர்ந்ததும் எழுந்து, தொண்டையைச் செருமி, மந்திரம் மாதிரி ஒரே வசனத்தைச் சொல்வார்:

“கட்ட கீழ போடுங்க.”

அவ்வளவுதான். ஏச்சு இல்லை, அடி இல்லை. ‘ங்க’ என்ற மரியாதையைக்கூட எந்தத் திருடியிடமிருந்தும் அவர் பறித்ததில்லை. விறகை மட்டுமே பறித்தார்.

பறித்த விறகுக்கு ‘சாட்சிப் பொருள்’ என்று பெயர். விசாரணை நடக்கும்வரை அது வாச்சரின் குவாட்டர்ஸுக்குப் பின்னால் அடுக்கி வைக்கப்பட வேண்டும் என்பது வழமை. விசாரணை ஒருபோதும் நடக்காது என்பதும் வழமை. எனவே சாட்சிகள் கொஞ்ச நாள் வெயிலில் காய்ந்துவிட்டு, பதவி வரிசைப்படி அடுப்புகளுக்குப் போய்ச் சேரும். நல்ல பிளவுகள் மெனேஜரின் பங்களாவுக்கு. அதற்கடுத்தவை பெரிய கிளாக்கர் வீட்டுக்கு. சிராய், சுள்ளி, பட்டை எல்லாம் வாச்சர் வீட்டுக்கு. நீதி இப்படி ஒழுங்காக எரிந்து சாம்பலாவதைப் பார்க்க யாருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

பெரிய மரங்கள் வேறு விஷயம். அவை மாதத்துக்குச் சில தடவை லொறியில் ஏறி கேகாலைப் பக்கம் போகும். அவற்றுக்காக நடராஜா கருங்கல்லின் பின்னால் உட்காருவதில்லை. கேட்டைத் திறந்துவிட்டு சலூட் அடிப்பார். தலையில் சுமந்தால் திருட்டு, லொறியில் சுமந்தால் மீள்நடுகை என்பது தோட்ட நிர்வாகத்தின் பாலபாடம். அதில் அவர் முதல் தரத்தில் தேறியவர்.

இந்தச் சேவைக்குக் கிடைத்த பரிசுதான் அந்தக் குவாட்டர்ஸ். இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, தகரக் கூரை. பார்க்கிறவருக்கு அது ஒரு சின்ன வீடு. நடராஜாவின் மனைவி சீதாதேவிக்கு அது தனி ராஜ்ஜியம். அவர் பிறந்து வளர்ந்தது லயத்துக் காம்பராவில். அங்கே இந்தச் சுவருக்குள் தும்மினால் அந்தச் சுவருக்குள்ளிருந்து மருந்து சொல்வார்கள். குழம்பில் உப்புக் குறைந்ததைக் கணவன் சொல்வதற்கு முன்பே பக்கத்துக் காம்பரா சொல்லிவிடும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், நாலு பக்கமும் தன்னுடைய சுவரே என்று தெரிந்ததும், சீதாதேவி குசினியில் நின்று காரணமில்லாமல் சத்தம் போட்டுச் சிரித்தாராம். யாரும் ஏனென்று கேட்கவில்லை. அந்தச் சுகத்துக்குப் பிறகு அவர் சொன்ன ஒரே நிபந்தனை இது:

“இங்கேருந்து திரும்ப லயத்துக்குப் போறதுன்னா என்னைப் பாடையில வச்சுத்தான் தூக்கிட்டுப் போகணும். நல்லா ஞாபகம் வச்சுக்கங்க.”

நடராஜா ஞாபகம் வைத்துக்கொண்டார். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் சீதாதேவி போவார். அவருடைய கண்டிப்புக்கெல்லாம் அடியில் இருந்தது இந்த எளிய சமன்பாடுதான்.

இனி அந்தப் பூச்சியைப் பற்றி.

வாகை மரத்திலும் தேயிலைச் செடியிலும் ஒரு புழு தொங்கும். விரல் நீளச் சுள்ளிகளை வெட்டி, பக்கம் பக்கமாக அடுக்கி, உள்ளே பட்டு நூலால் மெழுகி, ஒரு கட்டு விறகையே வீடாக்கிக்கொள்ளும். போகுமிடமெல்லாம் அந்தக் கட்டையும் இழுத்துக்கொண்டு போகும். தலையை மட்டும் வெளியே நீட்டி இலை தின்னும். ஆள் அரவம் கேட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். விறகுப் புழு என்பார்கள். விறகு திருடியவர்கள்தான் செத்தபின் இப்படிப் பிறந்து, திருடிய கட்டைச் சுமந்தபடியே தொங்குகிறார்கள் என்பது லயத்து நம்பிக்கை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலும் இதே நம்பிக்கைதான். நாட்டில் எத்தனையோ வட்டமேசைகளால் முடியாத காரியம்: விறகுத் திருடனுக்கு மறுமையில் என்ன தண்டனை என்பதில் இரண்டு தரப்புக்கும் இம்மியளவும் கருத்து வேறுபாடு கிடையாது.

நடராஜா இதை நம்பினார் என்று சொல்வது போதாது. அவர் இதனால் பாதிக்கப்பட்டவர். அவருடைய தகப்பன் பெருமாள் ஒரு தைப்பொங்கலுக்கு முதல் நாள், பானை வைக்க விறகில்லாமல் வாகைத் தோப்புக்குப் போய் அகப்பட்டவர். அன்றைய வாச்சர் அவரைப் பெரட்டுக்களத்தில், ஆள்கணக்கு எடுக்கிற நேரத்தில், தலையில் கட்டோடு நிற்க வைத்தார். பொங்கல் அந்த வருஷம் பக்கத்து வீட்டில் பொங்கியது. பெருமாள் அதன் பிறகு யார் கண்ணையும் நேராகப் பார்க்காமலே செத்துப்போனார். காரியம் முடிந்த கையோடு வாகைத் தோப்புக்குப் போன நடராஜா, தாழ்ந்த கிளையில் ஒரு விறகுப் புழு தொங்குவதைக் கண்டார். அது தலையை நீட்டி, அவரைப் பார்த்து, வெட்கப்பட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அதில் ஒரே ஒரு சிக்கல். தோப்பில் அவை ஏராளம் தொங்கின. எது தகப்பன் என்று அடையாளம் தெரியவில்லை. ஆகவே எல்லாவற்றையும் தகப்பனாகவே நடத்துவதென்று நடராஜா முடிவு செய்தார்.

அதன்படி, பறித்த கட்டுகள் அடுப்புக்குப் போகுமுன் அவற்றை ஒவ்வொரு கொப்பாகத் திருப்பிப் பார்ப்பார். புழு தொங்கினால் இரண்டு விரலால் மெல்லக் கழற்றி, வீட்டுக்குப் பின்னால் தொடங்கும் ஐந்தாம் நம்பர் மலைத் தேயிலையில் கொண்டுபோய்ப் பற்ற வைப்பார். உயிரோடிருக்கும் திருடருக்குக் கருங்கல். செத்துப்போன திருடருக்குக் கொழுந்து. எந்த அரசாங்கத்திடமும் இப்படியொரு புனர்வாழ்வுத் திட்டம் இல்லை.

“இன்னைக்கு எத்தனை மாமனாரு வந்தாங்க?” என்று சீதாதேவி குசினிக்குள்ளிருந்து கேட்பார்.

“வாயக் கழுவுடி. பெரியவங்க.”

“பெரியவங்கதான். வந்தா ஒரு வேலையும் செய்யாம தின்னுக்கிட்டே தொங்குறாங்களே, அதுலேயே தெரியுது.”

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாட்டிலிருந்து சமையல் எரிவாயு மறைந்தது. அதுவரை விறகுப் புகையை ஓர் ஏழைத்தனமான பழக்கமாகக் கருதி வந்த கனவான்கள் திடீரென்று கண்ணைக் கசக்கிக்கொண்டு அலைந்தார்கள். அவர்களில் முதன்மையானவர் பெரிய கிளாக்கர் விசுவலிங்கம். ஊர் வட்டுக்கோட்டைப் பக்கம். தோட்டத்துக் கணக்கில் ஒரு சதம் பிசகினால் தூக்கம் வராத மனிதர். மனைவி மகாதேவிக்கு அடுப்பு ஊதத் தெரியாது என்பதைப் பட்டம் போலச் சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் ஒருநாள் குடையை ஊன்றிக்கொண்டு வாச்சரின் வாசலில் வந்து நின்றார்.

“நடராஜா, உம்மட சாட்சியள் காஞ்சிட்டுதோ?”

“இப்பத்தானுங்க ஐயா புடிச்சது. இன்னும் பச்சை.”

“பச்சையெண்டாலும் பரவாயில்லை. மனுசி காலமையிலயிருந்து தேத்தண்ணி குடிக்கேல்லை. பசியில ஆம்பிளையளை விட மோசமாக் கதைக்கிறா.”

“சரிங்கய்யா.”

“இன்னும் கொஞ்சப் பேரைப் பிடிக்க ஏலாதோ? நான் சட்டத்துக்காகத்தான் சொல்லுறன்.”

சட்டத்துக்காக நடராஜா கருங்கல்லின் பின்னால் உட்காரும் நேரத்தைக் கூட்டினார். பங்களாவில் சமைக்கும் கோக்கி ஹுஸைன் வேறு தினமும் வந்து, “மெனேஜர் மாத்தயாவுக்கு ரோஸ்ட் வைக்கணும், நல்ல தடிச்ச திருட்டா ஒண்ணு பாருங்க” என்று ஓடர் கொடுத்துவிட்டுப் போவார். எரிவாயு இல்லாத லயத்துக்காரர் விறகுக்குப் போக, எரிவாயு இல்லாத உத்தியோகத்தர் லயத்துக்காரரைப் பிடிக்க, தோட்டமே ஒரே அடுப்பைச் சுற்றி ஓடியது.

அந்த நாட்களில் அதிகமாக அகப்பட்டவர் பேச்சியம்மா. கொழுந்து பறிப்பவர், மூன்றாம் லயம், நாக்கு செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. ஒருநாள் கட்டைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

“ஏன் வாச்சரய்யா, நான் செத்தா அந்தப் புழுவாத்தான் பொறப்பேனா?”

“அப்படித்தான் சொல்றாங்க.”

“அப்ப எங் கட்டுத்தான் எங்கிட்ட இல்லியே. நீங்கல்ல வச்சிருக்கீங்க? எதச் சொமந்துக்கிட்டுத் தொங்குவேன்? வெறும் புழுவாவா?”

நடராஜா கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அன்று இரண்டு வாய் சோறு குறைவாகச் சாப்பிட்டார். மறுநாள் மறுபடியும் அவரைப் பிடித்தார்.

கட்டுகள் பெருகின. கட்டுகளோடு தகப்பன்மாரும் பெருகினார்கள். எல்லோரும் ஐந்தாம் நம்பர் மலையில் குடியேற்றப்பட்டார்கள். அடுத்த வருஷம் மாசி வெயில் வந்தபோது ஐந்தாம் நம்பர் மலை மொட்டையாக நின்றது. இலை இருந்த இடத்தில் நரம்பு. நரம்பு இருந்த இடத்தில் குச்சி. குச்சி இருந்த இடமெல்லாம் விறகுப் புழு, யாரோ தேயிலைக்குத் தோடு போட்டுவிட்டதுபோல.

கொழுந்து குறைந்தால் பேர் குறையும், அதாவது நாள் சம்பளம் பாதியாகும். பெண்கள் ஆபிஸ் முன்னால் வந்து கூடினார்கள். மெனேஜர் வெளியே வந்தார். மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார். பெரட்டுத் தமிழ் என்பதால் அதில் கட்டளை மட்டும்தான் இருக்கும்.

“திங்கக்கிழமை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து லேடி ஒபிசர் வாறது. எங்கே இருந்து இந்தப் புழு வந்தது, கண்டுபிடிக்கிறது. யாரோட கவனயீனமோ, அவன் தோட்டத்தை விட்டுப் போறது. ஹரித?”

எல்லோரும் “ஹரி” என்றார்கள். நடராஜா மட்டும் தன் குவாட்டர்ஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த நிமிஷம்வரை, மலை மொட்டையானதற்கும் தன்னுடைய புனர்வாழ்வுத் திட்டத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. பெரிய கொள்கையாளர்களுக்கு இப்படி நேர்வதுண்டு. குவாட்டர்ஸின் தகரக் கூரை அவர் கண்முன்னே ஆடியது. அதன் கீழே ஒரு பாடையும் தெரிந்தது.

ஞாயிறு காலை விசுவலிங்கத்தின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினார். தகப்பன், புழு, இரண்டு விரல், தேயிலை. விசுவலிங்கம் பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஓரிடத்தில் அவர் முகம் வெளிறியது.

“பொறும். அந்த ஒபிசர் உம்மட வளவுக்கும் வருவாவோ?”

“வருவாங்கய்யா. அங்கேருந்துதானே தொடங்கியிருக்கு.”

“வந்தால் விறகு அடுக்கைக் காணுவா.”

“புழுவத்தானுங்கய்யா பார்க்க வர்றாங்க.”

“புழு கிடக்கட்டும் காணும்! அடுக்கைக் கண்டால் உது ஆரின்ர விறகெண்டு கேப்பா. சாட்சியெண்டு நீர் சொல்லுவீர். என்ன விசாரணை, மிச்சச் சாட்சி எங்கையெண்டு கேப்பா. பிறகு என்ர குசினிக்க வந்து நிப்பா.”

வியாதியை விட்டுவிட்டு விறகைக் கவனித்த அந்தக் கூர்மையை நாம் மெச்சத்தான் வேண்டும். அன்று மத்தியானத்துக்குள் கீழ்ப் பிரிவு வரலாற்றிலேயே மிகத் துரிதமான அரச கருமம் நடந்தேறியது. விசுவலிங்கம் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தானே சுள்ளி சுமந்தார். ஹுஸைன் கைவண்டி கொண்டுவந்தார். மிச்சம் மீதியை சீதாதேவி, குளிக்கச் சுடுதண்ணீர் என்று சொல்லி, ஒரே நாளில் எரித்தார். அந்தி சாயும்போது குவாட்டர்ஸின் பின்புறம் துடைத்து விட்டதுபோல் இருந்தது. ஆர்ட்வெல் தோட்டம் முழுவதும் தேடினாலும் வெளிப்படையாக ஒரு குச்சி கிடையாது. பூமியில் விறகே இல்லாத ஒரு நேர்மையான தோட்டமாக அது ஒபிசருக்காகக் காத்திருந்தது.

திங்கட்கிழமை வந்த ஒபிசர் தாட்சாயினி, பருத்தித்துறைப் பிள்ளை. சப்பாத்துக் காலோடு மலையில் ஏறி இறங்கி, செடிகளைத் திருப்பிப் பார்த்து, கடைசியில் எல்லோரும் பயந்த இடத்திலேயே வந்து நின்றார்: வாச்சரின் குசினிக்குப் பின்னால். மெனேஜரும் விசுவலிங்கமும் நடராஜாவும் அவருக்குப் பின்னால். கொழுந்துக் கூடையோடு பெண்கள் கொஞ்சம் தள்ளி.

ஒரு கூட்டைக் கத்தரித்துத் திறந்து காட்டினார் தாட்சாயினி. “இது ஒரு அந்துப்பூச்சிக் குடும்பம். கன வகை இருக்கு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு விதமா வீடு கட்டும். ஆண் மட்டும்தான் செட்டை முளைச்சுப் பறக்கும். அதுக்குத் தின்ன வாய் கூட ஒழுங்கா இல்லை, கலியாணம் முடிக்கிறதும் சாகிறதும்தான் வேலை. பெண்ணுக்குச் செட்டையே இல்லை. பிறந்த வீட்டுக்கையே கிடந்து, உள்ளுக்கையே முட்டை போட்டுட்டுச் செத்துப்போகும்.”

“லயத்துல பொறந்ததா இருக்கும்” என்றார் பேச்சியம்மா. பெண்கள் சிரித்தார்கள்.

தாட்சாயினி சுற்றிலும் பார்த்தார். துடைத்த தரையில் மரப்பட்டைத் துண்டுகள் ஒட்டிக்கிடந்தன. குசினிக் கதவு நிலையில் இரண்டு கூடுகள் தொங்கின. துணிக்கொடியில் ஒன்று.

“இந்த இடத்திலதான் ஆகக் கூட. தள்ளிப் போகப் போகக் குறையுது. இங்க என்ன இருந்தது?”

நடராஜாவின் வாய் திறந்தது. விசுவலிங்கம் இருமினார். அது சாதாரண இருமல் அல்ல; முப்பது வருஷ அலுவலக அனுபவம் அதில் இருந்தது.

“காத்து, பிள்ளை. இங்கால சரியான காத்து” என்றார்.

“யேஸ், யேஸ். காத்து” என்றார் மெனேஜர். நேற்று ரோஸ்ட் சாப்பிட்டவர் அல்லவா?

“சின்னப் புழுக்கள் நூலில தொங்கிக் காத்தோட போறது உண்மைதான்” என்றார் தாட்சாயினி. பிறகு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆனா இந்தக் காத்து, ஐயாவின்ர குசினிக்கயிருந்துதான் பிறக்குது போல.”

யாரும் மூச்சுவிடவில்லை. காற்றும் கூட.

“சரி, விடுங்கோ. மருந்தடிச்சா உந்தக் கூட்டுக்குள்ள போகாது. கையால பிடுங்கி அழிக்கவேணும். அதுதான் வழி.”

மெனேஜருக்குத் தெம்பு வந்தது. அழிப்பது அவருக்குத் தெரிந்த வேலை. அன்றைய பேருக்குக் கொழுந்துக்குப் பதிலாகப் புழு என்று உத்தரவானது. பெண்கள் சாக்குகளோடு மலையில் இறங்கினார்கள். அப்படியொரு கலகலப்பு அந்த மலையில் தேர்த் திருவிழாவுக்குக்கூட இருந்ததில்லை.

“இங்க பாரு, இது எங்க பெரியப்பா. அதே தொந்தி.”

“இது நம்ம பழைய கங்காணி. தலைய நீட்டவே மாட்டேங்குறாரு, கடன் குடுத்தவன் நிக்கிறான்னு நெனச்சிருப்பாரு.”

“ஏய், எம் மாமியாள மெல்லப் புடி. அது கோவக்காரி.”

சாக்குகள் நிரம்பி வாச்சரின் முற்றத்தில் வந்து குவிந்தன. மெனேஜர் கைத்தடியால் குவியலைச் சுட்டினார்.

“நடராஜா, உன் வீட்டில் இருந்து தொடங்கினது. நீதான் நெருப்பு வைக்கிறது. வைக்க ஏலாட்டி குவாட்டர்ஸ் சாவி ஆபிஸில் குடு.”

நடராஜா குவியலைப் பார்த்தார். பிறகு குசினி வாசலைப் பார்த்தார். அங்கே சீதாதேவி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிலையைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது. சாக்குக்குள்ளே ஒரு தகப்பன் இருந்தார். எந்தச் சாக்கு என்று தெரியாது. வாசலில் ஒரு மனைவி இருந்தார். எந்த வாசல் என்பதில் சந்தேகமே இல்லை.

“வைக்கிறேன் தொரெ” என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

“வை.”

“விறகு இல்லீங்க தொரெ.”

மெனேஜர் விசுவலிங்கத்தைப் பார்த்தார். விசுவலிங்கம் வானத்தைப் பார்த்தார். மண்ணெண்ணெய்யும் இல்லை. நேர்மையான தோட்டத்தில் இதுதான் சங்கடம்.

“மலையில் போய் ஒரு கட்டு கொண்டு வா மேன்! இதுவும் நான் சொல்லணுமா?”

நடராஜா கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு வாகைத் தோப்புக்கு ஏறினார். வாழ்நாளில் முதல் தடவையாகக் கம்பெனி மரத்தில் கத்தி வைத்தார். காய்ந்த கொப்புகளைத் தறித்து, கொடியால் கட்டி, தலையில் தூக்கினார். கட்டு கனத்தது. இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. இத்தனை காலமும் அதை இறக்கி வைக்கத்தான் சொல்லியிருந்தார். பாரத்தில் கழுத்து குனிந்தது. நேரே பார்க்க முடியவில்லை. தரையைத்தான் பார்க்க முடிந்தது. தகப்பன் கடைசிவரை எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மதகு வந்தது. கருங்கல்லுக்குப் பின்னாலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“கட்ட கீழ போடுங்க.”

பேச்சியம்மா. அவருக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள், முந்தானையால் வாயைப் பொத்தியபடி.

“வெளையாடாதீங்க பேச்சி. தொர காத்துக்கிட்டிருக்காரு.”

“பெர்மிட் இருக்கா?”

“தொரதான் எடுத்துட்டு வரச் சொன்னாரு.”

“எங்க வீட்டுல அடுப்புதான் எடுத்துட்டு வரச் சொல்லிச்சு. நீங்க கேட்டீங்களா? போடுங்க கீழ.”

நடராஜா நின்றார். வழக்கமாக இந்த இடத்தில் திருடர்கள் அழுவார்கள், அல்லது ஏசுவார்கள், அல்லது ஓடுவார்கள். மூன்றில் எதைச் செய்வதென்று அவர் யோசித்தார். பிறகு கட்டைக் கீழே போட்டார். உண்மையைச் சொன்னால், அது கீழே விழுந்த சத்தம் அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பேச்சியம்மா வழமைப்படி கட்டை ஒவ்வொரு கொப்பாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றில் ஒரு விறகுப் புழு தொங்கியது. இரண்டு விரலால் மெல்லக் கழற்றி நடராஜாவின் கையில் வைத்தார்.

“இது ஒங்களுக்கு. விறகு சாட்சிக்கு.”

கட்டு மூன்றாம் லயத்தை நோக்கிப் போனது. நடராஜா சட்டைப் பொக்கெட்டில் புழுவோடு முற்றத்துக்குப் போனார்.

“விறகு எங்கே?” என்றார் மெனேஜர்.

“புடிச்சிட்டாங்க தொரெ.”

“யாரு?”

“பேச்சியம்மா.”

“யாருகிட்டே இருந்து?”

“எங்கிட்டேருந்துதாங்க. பெர்மிட் கேட்டாங்க. இல்லைன்னேன்.”

மெனேஜரின் முகம் சிவந்தது. பேச்சியம்மாவைக் கூப்பிடச் சொன்னார். அவர் ஏற்கனவே வந்து நின்றிருந்தார், கையைத் துடைத்துக்கொண்டு.

“விறகு எங்கே?”

“சாட்சிப் பொருளுங்க தொரெ. புடிச்சவங்க வீட்டுக்குப் பின்னால இருக்கு. விசாரணை வைங்க, கொண்டாந்து காட்டுறேன். வைக்கலேன்னா வழமைப்படி அடுப்புக்குப் போயிரும்.”

தாட்சாயினி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தேயிலைச் செடி ஒன்றை மிக உன்னிப்பாக ஆராய்ந்தார். மெனேஜர் “விசாரணைதான் வைக்கிறது!” என்று தொடங்கியபோது விசுவலிங்கம் அவர் காதருகே குனிந்தார்.

“சேர், விசாரணையெண்டு வந்தால் போன வருசத்துச் சாட்சியளையும் ஆராவது கேப்பினம். பங்களாவுக்குப் போனது, என்ர வீட்டை வந்தது…”

மெனேஜர் கைத்தடியைக் கீழே இறக்கினார். சாக்குக்குள் புழுக்கள் மெல்ல அசைகிற சத்தம் கேட்டது.

“குழி வெட்டுறது” என்றார் மெனேஜர் கடைசியில். “ஆழமா. நெருப்பு வேணாம். புகை சுற்றாடலுக்குக் கூடாது.”

ஆர்ட்வெல் தோட்டத்தில் சுற்றாடல் என்ற சொல் உச்சரிக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

புதைப்பது என்றதும் நடராஜாவின் முகம் தெளிந்தது. எரிப்பதுதான் கொலை. புதைப்பது மரியாதை, லயத்தில் செத்த எல்லோரும் மண்ணுக்குத்தானே போனார்கள், அவருடைய தகப்பன் உட்பட. அவரே குழி வெட்டினார், ஆறடி. மூன்றடி போதும் என்று தாட்சாயினி சொல்லியும் கேட்கவில்லை. சாக்குகளை ஒவ்வொன்றாக இறக்கினார், எறியவில்லை. சீதாதேவி கற்பூரமும் ஒரு பிடி அரிசியும் கொண்டுவந்தார். பேச்சியம்மா கேலியாகத்தான் ஒப்பாரி தொடங்கினார். நடுவில் மாமியாரின் பெயர் வந்ததும் குரல் உடைந்து, உண்மையாகவே அழுது முடித்தார். மற்றப் பெண்களும் ஆளுக்கொரு செத்தவரை நினைத்து மூக்கைச் சிந்தினார்கள். உலகத்தில் பீடைகளுக்கு இவ்வளவு சிறப்பான பிரியாவிடை வேறெங்கும் கொடுக்கப்பட்டிராது.

எல்லாம் முடிந்து போகும்போது தாட்சாயினி நடராஜாவின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணை, உங்கட பொக்கெட்டுக்கயிருந்து ஒண்டு தலையை நீட்டிக்கொண்டு நிக்குது.”

நடராஜா பொக்கெட்டைப் பொத்தினார்.

“நான் காணேல்லை” என்றார் தாட்சாயினி. “ஆனா தேயிலைப் பக்கம் விட்டுடாதேங்கோ.”

விடவில்லை. அது வாசல் கொய்யா மரத்தில் தொங்குகிறது. கம்பெனி இலை ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. சீதாதேவி காலையில் கோலம் போடும்போது, “என்ன மாமா, எந்திரிச்சாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். நாலு பக்கமும் அவருடைய சுவர்தான். சாவி இன்னும் அவருடைய இடுப்பில்தான்.

ஐந்தாம் நம்பர் மலை மறுபடி துளிர்த்தது. நடராஜா இன்றும் வாச்சர்தான், இன்றும் கருங்கல்லுக்குப் போகிறார். ஆனால் அவருக்கு ஏதோ நெஞ்சுச் சளி பிடித்திருக்கிறது போலும். இப்போதெல்லாம் மதகுக்கு வெகு தூரத்திலிருந்தே பலமாக இருமிக்கொண்டு வருகிறார். அவர் வந்து சேரும்போது பாதையில் யாரும் இருப்பதில்லை. சாட்சிகள் கிடைப்பதேயில்லை என்று விசுவலிங்கம் குறைப்படுகிறார். மகாதேவி அடுப்பு ஊதிப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில் எரிவாயு வந்துவிட்டதால் பெரிய பாதகமில்லை.

லொறி மட்டும் வழக்கம்போல் வருகிறது. போன வாரமும் வந்தது, மெனேஜரின் கையெழுத்தோடு, ஆள் கட்டிப்பிடிக்க முடியாத வாகை மரங்களை ஏற்றிக்கொண்டு. நடராஜா கேட்டைத் திறந்து சலூட் அடித்தார். லொறி வளைவில் மறையும்வரை கையை இறக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, பாதையோர மரங்களின் கிளைகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தார்: இத்தனை பெரிய கூட்டைத் தொங்கவிட்டால் எந்தக் கிளை தாங்கும் என்று.